கார்ல் வில்சனின் குரலைப் பிரித்துக் கேட்பது எப்படி

அறுபதுகளின் அமெரிக்கப் பாப் குழுவான பீச் பாய்ஸின் பாட்டுகள் பிடிக்கும், ஆனால் எந்த வரியை யார் பாடுகிறார் என்று சொல்லத் தெரியாது, எல்லாம் ஒரே குரல் மாதிரிதான் கேட்கிறது என்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நானும் ரொம்ப நாள் அப்படித்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். மனதைப் பிடித்து உலுக்கும் வரி எது வந்தாலும் அது ப்ரையன் வில்சன் பாடியது என்றே நினைத்திருந்தேன், பாட்டைக் கட்டியவர் அவர்தானே. அப்புறம் ஒருநாள் உட்கார்ந்து தேடிப் பார்த்தபோது, எனக்கு மிகப் பிடித்த இடங்களில் பாதிக்கு மேல் அவருடைய கடைசித் தம்பி கார்ல் பாடியவை என்று தெரிந்தது. குழுவின் முன்னணி கிடார்காரரும் அவர்தான். இத்தனை வருடம் கேட்டும் அந்த மனிதரின் பெயரைச் சொல்லாமல் இருந்திருக்கிறோமே என்று மனசு கனத்துவிட்டது.

சரி, வழிக்கு வருவோம். போன் ஸ்பீக்கர் வேண்டாம். நல்ல இயர்போனும் யாரும் கூப்பிடாத அரை மணி நேரமும் இருந்தால் போதும்.

முதல் பாட்டு குட் வைப்ரேஷன்ஸ், 1966. உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்த பாட்டு என்பதால்தான் இதில் தொடங்கச் சொல்கிறேன். பாட்டு 'ஐ' என்ற ஒரே சொல்லோடு திறக்கிறது, ஆர்கன் மேல் மிதந்து வருகிற அந்தக் குரல் கார்ல். எங்கிருந்து தொடங்கியது என்று தெரியாத மாதிரி, மூச்சும் குரலும் சேர்ந்தே வரும். சரணம் முழுக்க அவர்தான். செல்லோ தடதடக்கத் தொடங்கி, கீழே தடித்த குரலில் பாட்டின் பெயரைச் சொல்லும் வரி வருகிறதே, அது வில்சன் சகோதரர்களின் உறவுக்காரரும் குழுவின் இன்னொரு பாடகருமான மைக் லவ், மூக்கிலிருந்து கொஞ்சம் எடுத்துப் பாடும் குரல். இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் முதல் நாள் பிடித்துக்கொள்ளுங்கள். நாலைந்து தடவை கேளுங்கள், சரணத்திலிருந்து பல்லவிக்குத் தாண்டும் இடத்தில் மட்டும் கவனம் இருக்கட்டும்.

இது பிடிபட்ட பிறகுதான் கஷ்டமான வேலை, அண்ணனையும் தம்பியையும் பிரிப்பது. ஒரே வீட்டில், கலிஃபோர்னியாவின் ஹாதார்ன் ஊரில், ஒன்றாகப் பாடி வளர்ந்த குரல்கள் என்பதால் ஒட்டிக்கொண்டுதான் இருக்கும். ப்ரையனின் குரல் மேலே போகப் போகக் கூர்மையாகும், அந்த உயரத்தில் ஒரு பையனின் அழுகை மாதிரி ஏதோ இருக்கும். கார்லின் குரல் உருண்டையானது, நடு உயரத்தில் வெதுவெதுப்பாக நிற்கும், சொல்லின் கடைசி எழுத்தை இழுக்காமல் மெதுவாகக் கீழே வைத்துவிடும். குழுவின் மற்றவர்களில் அல் ஜார்டின் குரல் பளிச்சென்று நேராக வரும். இன்னோர் அண்ணன் டென்னிஸ் கரகரப்பு. ப்ரூஸ் ஜான்ஸ்டன் மெல்லிய இனிப்பு. இதை மனப்பாடம் செய்ய வேண்டாம், கேட்கக் கேட்க வரும்.

அடுத்தது காட் ஒன்லி நோஸ். இதற்கு ஒரு வாரம் ஒதுக்குங்கள் என்பேன், மூன்று நிமிடத்துக்குள் முடிந்துவிடும் பாட்டுதான் என்றாலும்.

1966-ல் பெட் சவுண்ட்ஸ் ஆல்பத்தில் வந்தது. டோனி ஆஷர் வரிகள், ப்ரையன் இசை. ப்ரையன் தானே பாடியிருக்கலாம், அப்படி ஒரு பதிவும் இருக்கிறது, ஆனால் தம்பிக்குக் கொடுத்தார். அப்போது கார்லுக்கு வயது 19. எதுவும் செய்யாதே, நேராகப் பாடு, சிரமப்படாதே, மூச்சை எடுத்து அப்படியே மெதுவாக விட்டுவிடு என்கிற மாதிரி அண்ணன் சொன்னதாகக் கார்ல் பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார். இதை மனதில் வைத்துக்கொண்டு கேளுங்கள். ஃப்ரெஞ்ச் ஹார்ன் முடிந்து கார்ல் நுழையும் முதல் வரி, உன்னை நான் எப்போதும் காதலிப்பேன் என்று சொல்ல முடியாது என்கிற பொருளில் வருகிறது, காதல் பாட்டை யாராவது இப்படித் தொடங்குவார்களா? வேறொருவர் பாடியிருந்தால் அந்த வரியில் நாடகம் வந்திருக்கும், கொஞ்சம் அழுத்திக் காட்டியிருப்பார்கள். கார்ல் அழுத்தவே இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து உண்மையைச் சொல்கிற மாதிரி சொல்லிவிட்டுப் போகிறார், அதனால்தான் அடுத்த வரியில் அவர் சொல்லும் உறுதியை நாம் நம்புகிறோம்.

இப்போது ஒரு பயிற்சி. பாட்டின் கடைசியில் குரல்கள் ஒன்றன் பின் ஒன்றாக நுழைந்து சுற்றிச் சுற்றி வரும் பகுதி இருக்கிறதே, அதில் கார்லைத் தேடுங்கள். தேடிக் களைத்த பிறகு இதைப் படியுங்கள்: பதிவின்போது கார்ல் களைத்துப் போனதால் அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, அந்தச் சுற்றின் மேல் குரலையும் கீழ்க் குரலையும் ப்ரையனே பாடினார், நடுவில் நான் என்று ப்ரூஸ் ஜான்ஸ்டன் சொல்லியிருக்கிறார். தேடி ஏமாந்தால்தான் காது கூர்மையாகும். இந்தப் பகுதிக்கும் முதல் சரணத்துக்கும் இரண்டு மூன்று தடவை மாறி மாறிப் போய்வந்தால், ப்ரையன் எங்கே, கார்ல் எங்கே என்பது அதற்குப் பிறகு குழம்பாது. எனக்கு அப்படித்தான் தெளிந்தது.

ஒரு விஷயம், பெட் சவுண்ட்ஸை ப்ரையன் மோனோவில்தான், அதாவது இரண்டு காதிலும் ஒரே ஒலி வரும்படிதான், மிக்ஸ் செய்தார், அவருக்கு வலது காது சரியாகக் கேட்டதில்லை. மோனோதான் அதன் அசல் உருவம், ரசிப்பதற்கு அதையே கேளுங்கள். படிப்பதற்கு மட்டும் 1997-ல் வந்த தி பெட் சவுண்ட்ஸ் செஷன்ஸ் தொகுப்பை எடுங்கள், அதில் ஸ்டீரியோ மிக்ஸும் உண்டு, வாத்தியங்களை எடுத்துவிட்டுக் குரல்களை மட்டும் வைத்த பதிவுகளும் உண்டு. வாத்தியம் இல்லாமல் கேட்டால் கார்ல் எங்கே மூச்செடுக்கிறார் என்பதுகூடத் தெரியும்.

கூடப் பாடிப் பார்ப்பதும் நல்ல வழி. உங்கள் குரல் எப்படியிருந்தாலும் பரவாயில்லை. சத்தமாகப் பாடாதீர்கள், பேசும் அளவுக்குச் சற்று மேலே போதும். வரியின் கடைசிச் சொல்லில் நீங்கள் அழுத்தம் கொடுப்பதையும் அவர் கொடுக்காமல் விடுவதையும் கவனித்தால், அந்த எளிமைக்குப் பின்னால் எவ்வளவு கட்டுப்பாடு இருக்கிறது என்று தொண்டைக்கே புரிந்துவிடும்.

இனி கிடார். இதைப் பலர் தாண்டிப் போய்விடுகிறார்கள், எனக்கு அதில் வருத்தம் உண்டு. 1964-ல் வந்த ஃபன், ஃபன், ஃபன் தொடக்கத்தைப் போடுங்கள். ராக் அண்ட் ரோல் கிடார்காரர் சக் பெர்ரியின் பாணியில் துள்ளிக்கொண்டு வரும் அந்தக் கிடார் கார்ல்தான், 17 வயதுப் பையன். அடுத்து 1965-ன் கலிஃபோர்னியா கேர்ள்ஸ். பாட்டு தொடங்கும் முன்பே, சூரியன் எழுவதற்கு முந்தைய வெளிச்சம் மாதிரி மெதுவாக நகரும் முன்னிசை ஒன்று உண்டு, அதில் மின்னும் 12 கம்பி எலெக்ட்ரிக் கிடார் அவருடையது. அந்தக் காலத்து பீச் பாய்ஸ் பதிவுகள் பலவற்றில் வாத்தியங்களை லாஸ் ஏஞ்சலிஸ் ஸ்டூடியோ கலைஞர்கள் வாசித்தார்கள், குழுவினர் பல நேரம் சுற்றுப்பயணத்தில் இருப்பார்கள். அந்தப் பெரிய கைகளுக்கு நடுவில், கட்டுப்பாட்டு அறைக்குள் அண்ணன் பக்கத்தில் நின்று, கிடாரை நேராக மிக்ஸிங் மேசையில் செருகி வாசித்தவர் கார்ல். வாசிப்பிலும் அதே குணம்தான், பாட்டுக்கு வேண்டியதை வாசிப்பார், அதற்கு மேல் ஒரு சுரம் கிடையாது.

மேடையில் அவர் பொறுப்பு இன்னும் பெரியது. 1964 டிசம்பர் 23 அன்று ஹூஸ்டன் போகும் விமானத்தில் ப்ரையன் மனம் உடைந்து அழுதார், அதன் பிறகு சுற்றுப்பயணத்தை விட்டு ஸ்டூடியோவில் தங்கிவிட்டார். இரண்டு நாளைக்கு முன்புதான் கார்லுக்கு 18 முடிந்திருந்தது. மேடையில் குழுவை நடத்தும் வேலை கொஞ்சம் கொஞ்சமாக அவர் தோளுக்கு வந்தது, அதைக் கடைசி வரை சுமந்தார்.

மென்மையானவர் என்றதும் சாந்தமாக மட்டுமே பாடுவார் என்று நினைத்துவிடக் கூடாது. அதற்கு மருந்து 1967-ன் டார்லின். தொண்டையைத் திறந்து, சோல் பாடகர்கள் மாதிரி முழுப் பலத்தோடு பாடியிருப்பார். அதே வருடம் வியட்நாம் போருக்குப் படையில் சேர அழைப்பு வந்தபோது, மனசாட்சிப்படி போரிட முடியாது என்று மறுத்துக் கைதானார். வழக்கு வருடக்கணக்கில் இழுத்தது. டார்லின் கேட்கும்போது எனக்கு இதுவும் நினைவுக்கு வரும், 20 வயதில் அரசாங்கத்துக்கு முன்னால் நின்று மாட்டேன் என்று சொன்னவரின் குரல் அது.

1969-ன் ஐ கேன் ஹியர் மியூசிக் அவரே தயாரித்துப் பாடியது, ஒருமுறை கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் நேரத்தைச் செலவழிக்க வேண்டிய இடம் 1971-ன் சர்ஃப்ஸ் அப் ஆல்பம். லாங் ப்ராமிஸ்ட் ரோடு, ஃபீல் ஃப்ளோஸ் இரண்டும் ஜாக் ரைலி வரிகளுக்குக் கார்ல் இசையமைத்தவை. ஃபீல் ஃப்ளோஸில் குரலுக்கு எதிரொலியைத் தலைகீழாகப் போட்டிருப்பார்கள், ஒவ்வொரு சொல்லும் வருவதற்கு முன்பே அதன் நிழல் வந்துவிடும். நடுவில் சார்ல்ஸ் லாய்டின் புல்லாங்குழல். இரவில், விளக்கை அணைத்துவிட்டுக் கேளுங்கள்.

அதே ஆல்பத்தின் தலைப்புப் பாட்டு நம் பயிற்சிக்குத் தேர்வு மாதிரி. ப்ரையன் 1966-ல் தொடங்கி முடிக்காமல் விட்ட பாட்டு அது. 1971-ல் அதைத் தூசி தட்டி எடுத்தபோது, முதல் பகுதிக்குக் கார்ல் புதிதாகக் குரல் கொடுத்தார், நடுப்பகுதியில் ப்ரையன் 1966-ல் பியானோவோடு பாடிவைத்த பழைய பதிவையே சேர்த்தார்கள். ஒரே பாட்டுக்குள் தம்பி தொடங்குகிறார், ஐந்து வருடத்துக்கு முந்தைய அண்ணன் வந்து வாங்கிக்கொள்கிறார். அந்தக் கைமாற்றம் எங்கே நடக்கிறது என்று யாரும் சொல்லாமலே உங்களுக்குத் தெரிந்துவிட்டால், காது பழகிவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

இதற்குப் பிறகு ஒழுங்கு தேவையில்லை, மனம் போன போக்கில் போகலாம். 1973-ன் ஹாலண்ட் ஆல்பத்தில் தி ட்ரேடர் கட்டாயம், நெதர்லாந்தில் பதிவானது, பிறர் மண்ணைப் பிடிக்கக் கப்பலில் வந்தவர்களைப் பற்றிய பாட்டு. கோபப்பட வேண்டிய விஷயத்தை இவ்வளவு தணிந்த குரலில் பாட முடியுமா என்று இன்னும் ஆச்சரியப்படுகிறேன். மேடைக் குரலுக்கு அதே வருடம் வந்த இன் கான்சர்ட். 1988-ன் கோகோமோவில் கோரஸுக்குள் மேலே எழும்பி வந்து நம்மைக் கூட்டிப்போகும் அந்த வரி கார்ல். எல்டன் ஜானின் டோன்ட் லெட் தி சன் கோ டவுன் ஆன் மி பாட்டில் பின்னால் நிற்கும் குரல்களிலும் அவர் இருக்கிறார், ப்ரூஸோடு சேர்ந்து. இப்போது போய்க் கேட்டால் பிடித்துவிடுவீர்கள்.

அவர் தனியாக இரண்டு ஆல்பங்கள் போட்டார், 1981-லும் 1983-லும். இரண்டும் சமமாக இல்லை. அவரைச் சுற்றி நாலு குரல்கள் இருக்கும்போதுதான் அவர் அழகு முழுதாகத் தெரிகிறது என்பது என் கருத்து, மற்றவர்களுக்கு இடம் விட்டுப் பாடுவதே அவர் வழி. ஆனால் 1981 ஆல்பத்தில் ஹெவன் என்ற பாட்டை விட்டுவிடாதீர்கள். 1983 டிசம்பரில் டென்னிஸ் கடலில் மூழ்கி இறந்த பிறகு, மேடைகளில் அதை அண்ணன் நினைவாகப் பாடினார்.

ரசிகர்களோடு பேசும்போது ஒன்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். கார்லை உயர்த்துவதற்காக மைக்கையோ ப்ரையனையோ தாழ்த்தாதீர்கள். அந்தக் குடும்பத்துக்குள் சண்டையும் வழக்கும் குறைவில்லை, எல்லாருக்கும் நடுவில் நின்று குழுவைச் சேர்த்துப் பிடித்தவர் என்றுதான் கூட இருந்தவர்கள் கார்லைச் சொல்கிறார்கள். அவர் பெயரை வைத்து நாம் சண்டை போட்டால் அது அவருக்குச் செய்யும் மரியாதையாகாது. புதிதாக வருபவருக்கு ஒரு பாட்டை அனுப்புங்கள், இந்த வரியை யார் பாடுகிறார் என்று கேளுங்கள், பதிலைச் சொல்லாமல் ஒருநாள் காத்திருங்கள். நான் அப்படித்தான் என் தங்கையைக் கொண்டுவந்தேன். மறுநாள் காலை அவள் அனுப்பிய பதில், "அண்ணா, அந்த மூச்சு விடுறவர்தானே?"

1997-ஆம் வருட மேடைப் பதிவுகளை மட்டும் கடைசிக்கு வையுங்கள், குரல் நன்றாகப் பழகிய பிறகு. அந்த வருடத் தொடக்கத்தில் நுரையீரல் புற்றுநோய் என்று தெரிந்தது. சிகிச்சையோடே கோடைச் சுற்றுப்பயணம் முழுக்கப் போனார், 1998 பிப்ரவரி 6 அன்று 51 வயதில் இறந்தார். அந்தக் கடைசிச் சுற்றில் நிற்க முடியாமல் ஸ்டூலில் உட்கார்ந்தபடியே வாசித்தார், பாடினார். காட் ஒன்லி நோஸ் வரும்போது மட்டும் எழுந்து நின்றார்.