ஞாபக மாத்திரை வாங்கும் முன்

வீட்டில் பெரியவர்களுக்கு மறதி கூடினால், முஸ்தபா கடையில் ஞாபக மாத்திரை தேடுவதை விட்டுவிட்டு, முதலில் பலதுறை மருந்தகத்தில் (பாலிகிளினிக்) வைட்டமின் பி12 ரத்தப் பரிசோதனை பற்றிக் கேளுங்கள். அந்தச் சத்து குறைந்தாலும் மறதி வரலாம்.

என் மாமியார் சுத்த சைவம். நீரிழிவுக்குப் பல வருடமாக மெட்ஃபார்மின் வேறு. இரண்டுமே பி12-ஐக் குறைக்கக்கூடியவை. கீரை, பருப்பில் அந்தச் சத்து கிடையாது. பால், தயிர், முட்டை, மீன், இறைச்சியில்தான். கல்லீரலில் இருக்கும் சேமிப்பு சில வருடம் ஓடும், அதனால் குறை மெல்லத்தான் தெரியும். அடுப்பில் பால் வைத்ததை மறப்பார், அப்புறம் பாதம் மரத்துப்போகிறது என்பார். இரண்டையும் சேர்த்தே டாக்டரிடம் சொல்லுங்கள்.

ஒரு நாளைக்குத் தேவை 2.4 மைக்ரோகிராம்தான். ஆனால் உடல் அதை உறிஞ்சவில்லை என்றால் ஊசியோ அதிக அளவு மாத்திரையோ வேண்டியிருக்கும். நீங்களாக ஃபோலிக் அமிலம் மட்டும் கொடுக்காதீர்கள்: ரத்தசோகை சரியானதுபோல் காட்டும், நரம்புச் சேதம் உள்ளே தொடரும். மெட்ஃபார்மினையும் நிறுத்தவேண்டாம்.

சத்துக் குறையே இல்லாதவருக்கு பி12 மாத்திரை ஞாபகத்தைக் கூட்டாது. அந்தக் காசுக்குத் தேக்கா சந்தையில் நல்ல தயிர் வாங்கலாம்.

டாக்டரிடம் போகும்போது வயிற்றெரிச்சல் மாத்திரை உட்பட எல்லா அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். வயிற்றெரிச்சல் மாத்திரையும் சிலருக்கு பி12-ஐக் குறைக்கும்.