மெக்கன்சி குடும்பத்தைத் தேடுறது எப்படி? ஸ்காட்லாந்து வம்சாவளி தேடல், ஆரம்பத்துல இருந்து

எங்க ஆபீஸ்ல பக்கத்து சீட் நண்பர் ஆங்கிலோ இந்தியன், அம்மா வழியில மெக்கன்சி. பெரம்பூர் ரயில்வே குவார்ட்டர்ஸ்ல வாழ்ந்த அவரோட பாட்டி அடிக்கடி சொன்ன ஒரு வரி தான் அவர் கையில இருந்துச்சு, "நம்ம ஆளுங்க ஸ்காட்லாந்துல இருந்து பட்டாளத்துல வந்தவங்க"ன்னு. அந்த ஒத்த வரியை வச்சுக்கிட்டு ரெண்டு பேரும் ஒரு வருஷத்துக்கு மேல தேடினோம். அதுல கத்துக்கிட்டதைத் தான் இங்க வரிசையா எழுதுறேன். உங்க வீட்டுலயோ நட்புலயோ ஸ்காட்லாந்து பேர் இருந்தா அப்படியே பின்பற்றலாம், மெக்கன்சிக்கு பதிலா கேம்பெல், முன்ரோ, ராஸ்னு எது இருந்தாலும் வழி ஒண்ணு தான்.

எனக்கு இந்தப் பேர் மேல முன்னாடியே ஒரு பிரியம் உண்டு. ஊர் வரலாறு தேடுற யாரும் ஒரு கட்டத்துல சென்னை அரசு கீழ்த்திசை சுவடிகள் நூலகத்துல மெக்கன்சி சுவடிகள்கிட்ட போய் நிப்பாங்க, நானும் நின்னேன். கர்னல் காலின் மெக்கன்சி 1754-ல லூயிஸ் தீவுல ஸ்டோர்னோவேங்கற ஊர்ல பிறந்தவர், 1783-ல மெட்ராஸ் வந்தார், 1815-ல இந்தியாவோட முதல் சர்வேயர் ஜெனரல், அதாவது நில அளவைத் தலைமை அதிகாரி ஆனார், 1821-ல கல்கத்தாவுல இறந்தார். காவலி வெங்கட போரய்யா மாதிரி ஆட்களை வச்சு ஊர் ஊரா ஆள் அனுப்பி, கோயில் கல்வெட்டு, கிராமத்துக் கதை, பாளையக்காரங்க வம்சாவளின்னு எல்லாத்தையும் எழுதி வாங்கினவர். நம்ம வம்சாவளியை அப்படி பாத்துப் பாத்து சேர்த்தவரோட பேரைச் சுமக்கற ஒரு குடும்பத்தோட வம்சாவளியை நாம தேடுறோம்னு நினைக்கறப்ப எனக்கு மனசு நிறைஞ்சுது.

உடனே எல்லாரும் கேக்கறது, "அப்போ இவங்க கர்னல் மெக்கன்சி பரம்பரையா?" இந்தக் கேள்வியை முதல்ல ஓரமா வச்சிருங்க. ஏன்னு கீழ சொல்றேன்.

ஸ்டெப் 1: பேரோட கதையைத் தெரிஞ்சுக்கோங்க

மெக்கன்சி கெய்லிக் மொழிப் பேரு, ஸ்காட்லாந்தோட பழைய மொழிகள்ல ஒண்ணு அது. மக்-ன்னா மகன், கோன்யஹ்ங்கறது ஒரு ஆள் பேரு, இங்கிலீஷ்ல அதைத் தான் கென்னத்னு சொல்றாங்க. அதாவது கென்னத்தோட மகன். பொண்ணா இருந்தா கெய்லிக்ல மக் வராது, நிக்-னு வரும்.

நடுவுல இருக்குற அந்த இசட் எழுத்துக்கு ஒரு கதை இருக்கு. பழைய ஸ்காட்ஸ் எழுத்துல யோக்-னு ஒரு எழுத்து இருந்துச்சு, பாக்கறதுக்கு வால் வச்ச 3 மாதிரி, அதோட சத்தம் கிட்டத்தட்ட ய. அச்சு இயந்திரம் வந்தப்போ அந்த எழுத்துக்கு அச்சு இல்லாததால, உருவத்துல கிட்ட வர்ற இசட்டைப் போட்டு ஒப்பேத்திட்டாங்க. ஒரு காலத்துல மக்கிங்யின்னு சொன்ன பேரு, எழுத்தைப் பாத்து படிச்சுப் படிச்சு மெக்கன்சி ஆயிருச்சு. மென்சீஸ்னு எழுதுற பேரை இன்னைக்கும் ஸ்காட்லாந்துல மிங்கிஸ்னு தான் சொல்வாங்க. நம்ம ழ-வுக்கு இங்கிலீஷ்ல எழுத்து இல்லாம அதே இசட்டை இழுத்து வச்சு எழுதுறோமே, வெளியூர்க்காரங்க அதைப் பாத்து நம்ம ஊர்ப் பேரையெல்லாம் என்னென்னவோ சொல்றாங்களே, அந்த மாதிரி தான்.

இது தேடலுக்கு எதுக்குன்னா, பழைய பதிவுல இந்தப் பேரு இசட்டோட இருக்கும், ஒய்யோட இருக்கும், வெறும் எம் போட்டு மேல ஒரு சின்னக் கோடு இழுத்தும் இருக்கும். மேக், மக், எம்சி இதெல்லாம் வேற வேற குடும்பம், ஒண்ணு அயர்லாந்து இன்னொண்ணு ஸ்காட்லாந்துன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க, ஒரே ஆளுக்கு ரெண்டு பதிவுல ரெண்டு விதமா எழுதி வச்சிருக்காங்க. தேடும்போது சந்தேகமான எழுத்துக்கு பதிலா ஸ்டார் குறி போட்டுத் தேடுங்க.

ஸ்டெப் 2: பேரை விட்டுட்டு ஆளைப் பிடிங்க

பேர்ல இருந்து கீழ வரக்கூடாது, உங்க வீட்டு ஆள்ல இருந்து மேல போகணும். ஒவ்வொரு தலைமுறைக்கும் ஒரு பேப்பர், அந்தப் பேப்பர் இல்லாம அடுத்த படி ஏறக்கூடாது.

காரணம் இருக்கு. மெக்கன்சிங்க வடக்கு ஸ்காட்லாந்துல ராஸ் ஷைர்ங்கற மாவட்டத்துல கின்டெயில்ல இருந்து கிளம்பின குலம், 1610-ல மெக்லியட்ங்கற இன்னொரு குலத்தோட கையில இருந்த லூயிஸ் தீவையும் வாங்கி 1844 வரைக்கும் வச்சிருந்தாங்க. அவ்வளவு நிலத்துல குடியிருந்த சனங்கள்ல நிறைய பேர் தலைவனோட பேரையே தங்களோட பேரா எடுத்துக்கிட்டாங்க, பாதுகாப்புக்கு, விசுவாசத்துக்கு. அதனால ஒரே பேர் இருக்கறதால ஒரே ரத்தம்னு ஆகாது. நாங்க முதல் நாலு மாசத்தை வீணாக்கினது இங்க தான். இணையத்துல யாரோ ஏத்தி வச்சிருந்த ஒரு குடும்ப மரத்துல, அதாவது வம்சாவளி வரைபடத்துல, எங்களுக்குத் தேவையான பேரும் வருஷமும் பொருந்துச்சு, அப்படியே எடுத்து நம்ம மரத்துல ஒட்டிட்டோம், அது நேரா ஒரு கோட்டைக்குப் போய் நின்னுச்சு, நண்பரோட அம்மா அன்னைக்கு சந்தோஷத்துல அழுதுட்டாங்க. அப்புறம் ஒரு ஞானஸ்நானப் பதிவு கிடைச்சப்போ அது வேற குடும்பம்னு தெரிஞ்சு, அந்த அம்மாகிட்ட திரும்பப் போய் சொல்ல வேண்டியிருந்துச்சு. அந்த வலி உங்களுக்கு வேண்டாம்.

எனவே இன்னைக்கே வீட்டுல இருக்குற பெரியவங்களை உக்கார வச்சு கேளுங்க, ரெக்கார்ட் பண்ணுங்க. சர்ச் சர்ட்டிபிகேட், பைபிளோட முதல் பக்கத்துல எழுதின பிறந்தநாள், போட்டோ பின்னாடி இருக்குற எழுத்து, எல்லாத்தையும் போன்ல படம் எடுத்து வையுங்க.

ஸ்டெப் 3: 1855-ஐ மனசுல எழுதி வையுங்க

ஸ்காட்லாந்துல பிறப்பு, கல்யாணம், இறப்பை அரசாங்கமே கட்டாயமா பதிய ஆரம்பிச்சது 1855 ஜனவரி 1. எல்லாம் ஸ்காட்லாண்ட்ஸ் பீப்பிள்ங்கற அரசு தளத்துல இருக்கு. அக்கவுண்ட் திறக்க காசு இல்லை, இன்டெக்ஸ்ல தேடலாம், அசல் பக்கத்தோட படம் வேணும்னா கிரெடிட் வாங்கணும். நூறு வருஷத்துக்கு உள்ள பிறப்பு, 75 வருஷத்துக்கு உள்ள கல்யாணம், 50 வருஷத்துக்கு உள்ள இறப்பு, இதெல்லாம் ஆன்லைன்ல படமா கிடைக்காது.

ஆரம்பிக்கறவங்க எல்லாரும் பிறப்புச் சான்றிதழைத் தான் ஓடி ஓடித் தேடுவாங்க, நான் இறப்புப் பதிவை முதல்ல எடுங்கன்னு சொல்வேன். இங்கிலாந்துல அந்தக் காலத்து இறப்புச் சான்றிதழ்ல அப்பா அம்மா பேரு கிடைக்கறது அபூர்வம், ஸ்காட்லாந்துல ரெண்டு பேர் பேருமே இருக்கும், அம்மாவோட பிறந்த வீட்டுப் பேரோட. ஒரே பேப்பர்ல ஒரு தலைமுறை மேல ஏறிடலாம்.

பக்கத்தைத் திறந்தா இடது ஓரத்துல ஆள் பேரு, தொழில், யாரைக் கட்டினவர்னு இருக்கும். அடுத்து எப்போ எங்க செத்தார், ஆணா பொண்ணா, வயசு. அதுக்கு அடுத்த கட்டத்துல அப்பா பேரு தொழிலோட, அம்மா பேரு, பக்கத்துல அவங்க பிறந்த வீட்டுப் பேரு. அப்புறம் சாவுக்குக் காரணம். கடைசிக்கு முன்னாடி கட்டத்தை யாரும் பாக்க மாட்டாங்க, ஆனா அதைத் தான் நான் முதல்ல பாப்பேன். தகவல் சொன்னது யாருன்னு கையெழுத்து இருக்கும், கையெழுத்துப் போடத் தெரியாதவங்கன்னா ஒரு எக்ஸ் குறி போட்டு, ரெண்டு சாட்சி இருக்கும். தகவல் சொன்னது மகள்னா பாட்டி பேரு சரியா இருக்க வாய்ப்பு அதிகம், பக்கத்து வீட்டுக்காரர்னா அம்மா பேரு கட்டம் காலியாவோ தப்பாவோ இருக்கலாம். எந்தப் பதிவையும் சொன்னது யாருன்னு பாத்துட்டு நம்புங்க. ஓரத்துல திருத்தப் பதிவுன்னு சின்னக் குறிப்பு இருந்தா அதையும் தனியா எடுத்துப் படிங்க, சாவைப் பத்தின அரசு விசாரணை, அப்பா பேரைப் பத்தின வழக்கு எல்லாம் அதுல தான் வரும்.

உங்க ஆள் 1855-லயே பிறந்தோ இறந்தோ இருந்தா ரொம்ப அதிர்ஷ்டம். அந்த ஒரு வருஷம் மட்டும் பிறப்புப் பதிவுல அப்பா அம்மாவோட வயசு, பிறந்த ஊர், மத்த பிள்ளைங்க எத்தனைன்னு ஏகப்பட்டது கேட்டு எழுதியிருக்காங்க. எழுதுறவங்களுக்கு வேலை தாங்க முடியாம அடுத்த வருஷமே குறைச்சுட்டாங்க.

இன்னொரு நல்ல விஷயம், ஸ்காட்லாந்துல கல்யாணம் ஆனாலும் பொம்பளைங்களோட பிறந்த வீட்டுப் பேரு பதிவுல சாகற வரைக்கும் கூடவே வரும், கல்லறைக் கல்லுல கூட அப்படித் தான் வெட்டுவாங்க. அதனால அம்மா வழியும் இங்க தொலையறதில்லை.

ஸ்டெப் 4: சென்சஸ்

1841-ல இருந்து 1921 வரைக்கும் பத்து வருஷத்துக்கு ஒண்ணு பாக்கலாம். 1841-ல பதினஞ்சு வயசுக்கு மேல இருந்தா வயசை அஞ்சோட மடங்குக்குக் குறைச்சு எழுதியிருப்பாங்க, 34-ன்னா 30-ன்னு இருக்கும், பயப்படாதீங்க. 1851-ல இருந்து எந்த பாரிஷ்ல, அதாவது எந்த சர்ச் வட்டாரத்துல பிறந்தார்னு வரும். 1881-ல இருந்து கெய்லிக் பேசுவாங்களான்னும் இருக்கும். கிளாஸ்கோல ஒரு சந்து வீட்டுல மெக்கன்சி குடும்பம், அப்பா அம்மாவுக்கு கெய்லிக் தெரியும், பிள்ளைங்களுக்கு இல்லைன்னு பாக்கறப்ப, ஒரு தலைமுறைக்குள்ள மொழி கை நழுவுறது அந்த ஒரு கட்டத்துல தெரியும். எனக்கு அதைக் கடந்து அடுத்த பக்கம் போக கொஞ்ச நேரம் ஆச்சு.

ஸ்டெப் 5: 1855-க்கு முன்னாடி, பாரிஷ் புத்தகங்கள்

இங்க இருந்து தான் கஷ்டம். சர்ச் ஆஃப் ஸ்காட்லாந்து வச்சிருந்த பழைய பாரிஷ் புத்தகங்கள்ல பழசு 1553 வரைக்கும் போகுது, ஆனா ஹைலேண்ட்ஸ்ங்கற வடக்கு மலைப்பகுதியிலயும் தீவுகள்லயும் நிறைய பாரிஷ்ல ரொம்ப லேட்டா தான் ஆரம்பிக்குது. 1843-ல சபை ரெண்டா உடைஞ்சு ஃப்ரீ சர்ச் தனியா போச்சு, ஹைலேண்ட்ஸ் சனங்கள்ல பெரும்பாலானவங்க அந்தப் பக்கம் போயிட்டாங்க, அதனால பழைய புத்தகத்துல பேரு இல்லைன்னா ஆளே இல்லைன்னு முடிவு பண்ணாதீங்க.

இந்தக் காலத்துக்கு ஒரு சாவி இருக்கு, பேர் வைக்கற வழக்கம். மூத்த பையனுக்கு அப்பாவோட அப்பா பேரு, ரெண்டாவது பையனுக்கு அம்மாவோட அப்பா பேரு, மூத்த பொண்ணுக்கு அம்மாவோட அம்மா பேரு, அடுத்த பொண்ணுக்கு அப்பாவோட அம்மா பேரு. நமக்கு இதை விளக்கவே வேண்டாம், பேரன்ங்கற சொல்லே பெயரன்ல இருந்து வந்தது தானே. கனடாவை 21 வருஷத்துக்கு மேல ஆண்ட பிரதமர் வில்லியம் லயன் மெக்கன்சி கிங், 1837 கிளர்ச்சியை நடத்தின வில்லியம் லயன் மெக்கன்சியோட மகள் வயித்துப் பேரன், தாத்தா பேரு முழுசா அவர் பேர்ல உக்காந்திருக்கு. ஆனா எல்லாக் குடும்பமும் இதைக் கடைப்பிடிக்கலை, அதனால இது துப்பு மட்டும் தான், சாட்சி ஆகாது.

ஸ்டெப் 6: ஒரே பேர்ல ரெண்டு ஆள்

ரெண்டு அலெக்சாண்டர் மெக்கன்சிகளைப் பாருங்க. ஒருத்தர் ஸ்டோர்னோவேல பிறந்து, 1789-ல இப்போ மெக்கன்சி நதின்னு சொல்ற ஆத்து வழியா ஆர்க்டிக் கடலுக்குப் போய், 1793-ல தரை வழியா பசிபிக் கரையைத் தொட்டவர். இன்னொருத்தர் கல் கொத்தரா இருந்து கனடாவோட ரெண்டாவது பிரதமர் ஆனவர், 1873-ல இருந்து 1878 வரைக்கும். முதல் ஆள் இறந்தது 1820, பெர்த் ஷைர்ல. ரெண்டாவது ஆள் பிறந்தது 1822, அதே பெர்த் ஷைர்ல. ரெண்டு பேருக்கும் கனடா, ஒரே பேரு, ஒரே ஷைர், ரெண்டு வருஷ இடைவெளி. தாத்தா பேரன்னு கோடு போட கை துடிக்கும். ஆனா பிரதமரோட அப்பா பேரும் அலெக்சாண்டர், அம்மா மேரி ஃப்ளெமிங், முதல் ஆளுக்கும் அவங்களுக்கும் சம்பந்தம் காட்டுற பேப்பர் வேணும்ல? இவங்க பிரபலம், அதனால பிரிச்சுடலாம். பிரபலம் இல்லாத அலெக்சாண்டர் மெக்கன்சிகள் ஒரே பாரிஷ்ல ஏழெட்டு பேர் இருப்பாங்க. பேரோட சேர்த்து மனைவி பேரு, பண்ணை அல்லது கிராமத்துப் பேரு, தொழில், இதுல குறைஞ்சது ரெண்டு பொருந்தினா மட்டும் மரத்துல சேருங்க. மனைவி பேர்லயும் கவனம், முதல் அலெக்சாண்டர் 1812-ல கட்டின பொண்ணும் பிறந்த வீட்டுலயே மெக்கன்சி தான்.

குடும்பச் சின்னம் போட்ட கப், சட்டம் போட்ட படம் எல்லாம் ஆன்லைன்ல விக்கறாங்க, அதுக்குக் காசு கொடுக்கறதுக்கு முன்னாடி ஒண்ணு தெரிஞ்சுக்கோங்க. ஸ்காட்லாந்து சட்டப்படி கேடயச் சின்னம் ஒரு பேருக்குச் சொந்தமில்லை, ஒரு ஆளுக்குச் சொந்தம், எடின்பரோல லார்ட் லயன் நீதிமன்றம் இன்னைக்கும் அதைக் கவனிக்குது. குலத்துக்காரங்க எல்லாரும் போடலாம்னு இருக்கறது பெல்ட் வளையத்துக்குள்ள இருக்குற குலச் சின்னம் மட்டும் தான், மெக்கன்சிக்கு அது தீப்பிடிச்ச மலை, கூடவே "ஒளிர்வேன், எரிக்க மாட்டேன்"னு பொருள்படும் லத்தீன் வரி.

ஸ்டெப் 7: இந்தியாவுக்கு வந்தவங்களா இருந்தா

எங்களுக்கு உதவினது இது தான். கிழக்கிந்திய கம்பெனி காலத்துல மெட்ராஸ்ல நடந்த ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் இதோட பதிவு நகல்கள் லண்டனுக்குப் போச்சு, இப்போ பிரிட்டிஷ் லைப்ரரில இந்தியா ஆபீஸ் ஆவணங்கள்ல என்-2 வரிசைல இருக்கு. வங்காளத்துக்கு என்-1, பம்பாய்க்கு என்-3. ஃபிபிஸ்னு, பிரிட்டிஷ் இந்தியாவுல வாழ்ந்த குடும்பங்களைத் தேடறவங்களோட ஒரு சங்கத்தோட தளத்துல இலவசமா பேர் தேடலாம். இங்கயே கோட்டைக்குள்ள இருக்குற செயின்ட் மேரீஸ், ஸ்காட்லாந்து சனங்களுக்குன்னே எழும்பூர்ல கட்டி 1821-ல திறந்த செயின்ட் ஆண்ட்ரூஸ், ரெண்டையும் விடாதீங்க.

என்-2-ல எங்களுக்கு ஒரு ஞானஸ்நானம் கிடைச்சுது, அப்பா பேருக்குப் பக்கத்துல பிரைவேட்னு போட்டு ரெஜிமென்ட் நம்பர். அது ராஜாவோட படை, கம்பெனி படை இல்லை, அதனால அடுத்தது லண்டன்ல கியூங்கற இடத்துல இருக்குற நேஷனல் ஆர்க்கைவ்ஸ்ல டபிள்யூ-ஓ 97, பென்ஷன் வாங்கின சிப்பாய்களோட பேப்பர். காசு கட்டுற தளம் ஒண்ணுல அதோட படமே இருந்துச்சு. கருப்பு முடி, சாம்பல் கண்ணு, தொழில் கூலி, கையெழுத்துக்கு பதிலா எக்ஸ். மேல ரெண்டாவது வரில பிறந்த இடம், ராஸ் கவுண்டி, லாக்புரூம் பாரிஷ். நண்பர் அந்த ஊர்ப் பேரை அம்மாவுக்குப் போன்ல மூணு தடவை சொன்னார். கோட்டை இல்லை, கர்னல் இல்லை, ஆனா இந்தத் தடவை திருப்பி வாங்க வேண்டிய அவசியம் இல்லாத ஒரு ஊர். இப்போ லாக்புரூம் புத்தகத்தை ஒவ்வொரு பக்கமா பாத்துட்டு இருக்கோம், இன்னும் அந்தச் சிப்பாயோட அப்பா பேரு வரலை.