குழந்தை முக்கவில்லை, அடக்குகிறது: வலியுடன் வரும் மலச்சிக்கலை நாங்கள் சரிசெய்த முறை

என் மகனுக்கு இரண்டே கால் வயது இருக்கும்போது, நான்கு அல்லது ஐந்து நாட்களுக்கு ஒருமுறைதான் மலம் கழிப்பான். அந்த நாள் வந்துவிட்டால் படுக்கையறையில் இருக்கும் பீரோவின் பின்னால் போய் நின்றுகொள்வான். நுனிக்காலில் நின்று, கால்கள் இரண்டையும் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு, பீரோவின் கைப்பிடியை இறுகப் பற்றியிருப்பான். முகம் சிவந்து நெற்றியில் வியர்வை துளிர்க்கும். நாங்கள் எல்லோரும் சுற்றி நின்று, “முக்குடா கண்ணா, இன்னும் கொஞ்சம் முக்கு” என்று சொல்லிக்கொண்டிருப்போம். கடைசியில் பெரியவர்களுக்குக்கூட அவ்வளவு பருமனாக வராத கெட்டியான மலம், மேலே ஒரு கோடு இரத்தத்துடன் வெளியே வரும். அதன் பிறகு இரண்டு நாட்களுக்கு, “ஆய் வேணாம்மா, வலிக்கும்மா” என்பதுதான் அவன் பேச்சாக இருக்கும்.

இந்நிலையிலிருந்து அவனை மீட்க எங்களுக்கு ஐந்து மாதங்கள் ஆயின. இரண்டு தவறுகளைத் தொடக்கத்திலேயே தவிர்த்திருந்தால் அதில் பாதிக் காலம் மிச்சமாகியிருக்கும் என்பதால், செய்தவற்றை வரிசையாக எழுதுகிறேன். இது ஒரு வயதைக் கடந்த, மற்றபடி நன்றாக வளர்கின்ற குழந்தைகளுக்கானது.

முதலில் மருத்துவரிடம் காட்ட வேண்டியவை

பிறந்து 48 மணி நேரத்துக்குப் பிறகே முதல் மலம் கழித்த குழந்தை, பிறந்த மாதத்திலிருந்தே மலச்சிக்கல் உள்ள குழந்தை, வயிறு உப்பிப் பச்சை நிறத்தில் வாந்தி எடுக்கும் குழந்தை, எடை ஏறாத குழந்தை, கால்களில் பலம் குறைந்த குழந்தை, முதுகின் அடிப்பகுதியில் குழியோ முடிக்கற்றையோ உள்ள குழந்தை ஆகியோரை வீட்டு வைத்தியம் எதையும் முயலாமல் உடனே குழந்தைகள் நல மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும். பெருங்குடலின் கடைசிப் பகுதியில் நரம்பு உயிரணுக்கள் இல்லாமல் பிறக்கும் ஹிர்ஷ்ஸ்பிரங் நோய், தைராய்டு குறைபாடு, தண்டுவடக் கோளாறு போன்றவை இவற்றின் பின்னால் இருக்கலாம். மலத்தின் மேற்பரப்பில் மட்டும் தெரியும் இரத்தக் கோடு பெரும்பாலும் ஆசனவாயில் ஏற்பட்ட வெடிப்பினால் வருவது. ஆனாலும் அதை மருத்துவர் ஒருமுறை கண்ணால் பார்த்துவிடுவது நல்லது.

முதல் படி: என்ன நடக்கிறது என்பதைப் புரிந்துகொள்ளுதல்

நான் தடுக்கி விழுந்த முதல் இடம் இதுதான். பீரோவின் பின்னால் அவன் முக்குகிறான் என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன். மருத்துவர் என்னிடம் கேட்ட ஒரே கேள்வி, “கால் இரண்டையும் பின்னிக்கொண்டு நின்றால் மலம் வெளியே வருமா, உள்ளே நிற்குமா?” என்பதுதான். மலம் கழிக்க முயலும் குழந்தை குந்தி உட்காரும், முழங்காலை மடக்கும். நுனிக்காலில் விறைத்து நின்று பிட்டத்தை இறுக்கும் குழந்தை அதை உள்ளே தள்ளி அடக்குகிறது. அவன் சிவந்ததும் வியர்த்ததும் வெளியேற்றுவதற்காக அல்ல, வந்துவிடாமல் தடுப்பதற்காகத்தான். அத்தனை நாட்களும் நாங்கள் ஊக்கப்படுத்தியது அவனுடைய பயத்தைத்தான் என்று தெரிந்த அன்று எனக்கு மிகவும் வருத்தமாக இருந்தது.

எப்போதோ ஒருமுறை, ஒரு காய்ச்சலுக்குப் பிறகோ உணவு மாறியபோதோ, கெட்டியான மலம் வெளியேறி வலிக்கிறது. அந்த வலியை நினைவில் வைத்திருக்கும் குழந்தை அடுத்த முறை அடக்குகிறது. அடக்கப்பட்ட மலத்திலிருந்து பெருங்குடல் நீரை உறிஞ்சிக்கொண்டே இருப்பதால் அது மேலும் கெட்டியாகிப் பருத்துவிடுகிறது. அது வெளியேறும்போது முன்னைவிட அதிகமாக வலிக்கிறது, பயம் உறுதியாகிறது. மலக்குடல் விரிந்துகொண்டே போவதால் ‘வருகிறது’ என்ற உணர்வும் மெல்ல மங்கிவிடுகிறது. ஆகவே நாம் சரிசெய்ய வேண்டியவை இரண்டு: மலத்தின் பதம், குழந்தையின் பயம். பதத்தைச் சில நாட்களில் மாற்றிவிடலாம். பயம் போவதற்கு மாதக்கணக்கில் ஆகும்.

இரண்டாம் படி: தேங்கியதை வெளியேற்றுதல்

பழமும் கீரையும் கொடுத்தால் சரியாகிவிடும் என்று பலர் இந்தப் படியைத் தாண்டிச் செல்கிறார்கள். ஏற்கெனவே மலக்குடலில் உருண்டையாகத் தேங்கி நிற்கும் மலத்தை நார்ச்சத்தால் கரைக்க முடியாது. அதன் பின்னால் மேலும் சுமை சேர்ந்து வயிறு உப்புவதுதான் மிச்சம். ஆகையால் மருத்துவரிடம் அழைத்துச் சென்று, தேக்கம் இருக்கிறதா என்று வயிற்றைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

தேக்கம் இருந்தால் பொதுவாகப் பாலிஎத்திலீன் கிளைக்கால் என்னும் பவுடரை மூன்று முதல் ஆறு நாட்களுக்குக் கூடுதல் அளவில் கொடுக்கச் சொல்வார்கள். மருந்துக் கடையில் பிஇஜி பவுடர் என்று கேட்டால் புரியும். ஆனால் அளவு குழந்தையின் எடையைப் பொறுத்தது என்பதால், கடைக்காரர் சொல்லும் அளவிலோ என் மகனுக்குக் கொடுத்த அளவிலோ கொடுக்க வேண்டாம். இந்தப் பவுடர் குடலைத் தூண்டிவிடுவதில்லை. உடலில் ஏறக்குறைய சேர்வதுமில்லை. தான் கலந்திருக்கும் நீரை மலத்திலேயே பிடித்துவைத்து அதை இளக்குகிறது, அவ்வளவுதான். எனவே சொன்ன அளவு தண்ணீரில் முழுவதும் கரைத்து, அந்தத் தண்ணீர் முழுவதையும் குடிக்கச் செய்தால்தான் பலன் உண்டு. இரண்டு வாய் குடித்துவிட்டு டம்ளரைத் தள்ளிவிட்டால், அன்று பாதி மருந்துதான் உள்ளே போயிருக்கிறது என்று பொருள்.

லாக்டுலோஸ் சிரப்பும் பயன்படும். எங்களுக்கு முதலில் அதைத்தான் எழுதிக் கொடுத்தார்கள். ஆனால் அதன் திகட்டும் இனிப்பை என் மகன் துப்பினான், வயிற்றில் வாயுவும் சேர்ந்தது. இரண்டையும் கொடுத்துப் பார்த்தவள் என்ற முறையில் நான் பவுடரையே விரும்புகிறேன். அதிலும் உப்புகள் சேர்க்காத வகையைக் கொடுக்கலாமா என்று மருத்துவரிடம் கேட்டுப் பாருங்கள். உப்புச் சேர்த்தது கரிப்பதால் குழந்தைகள் எளிதில் கண்டுபிடித்துவிடுகிறார்கள். சாத்துக்குடிச் சாற்றில் கலந்தபோது என் மகன் மறுக்கவே இல்லை.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். என் அத்தை வெற்றிலைக் காம்பை விளக்கெண்ணெயில் தொட்டு ஆசனவாயில் வைக்கலாம் என்றார்கள். பக்கத்து வீட்டில் சோப்புத் துண்டு வைக்கச் சொன்னார்கள். அவர்கள் அன்போடு சொன்னதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆயினும் வெடிப்பு உள்ள இடத்தில் காம்பு குத்தும், சோப்பு எரியும். அதைவிட முக்கியமாக, அந்த இடத்தை யாராவது தொட வந்தாலே வலிக்கும் என்ற அச்சம் குழந்தையின் மனத்தில் பதிந்துவிடும். நான் அத்தையிடம், “அவன் அந்த இடத்தை மறக்கணும் அத்தை, அதனால கொஞ்ச நாள் யாருமே தொட வேண்டாம்” என்று சொன்னேன், அவர்கள் புரிந்துகொண்டார்கள். வாய்வழி மருந்து போதவில்லை என்றால் எனிமாவோ ஆசனவாயில் வைக்கும் கிளிசரின் குளிகையோ தேவையா என்பதை மருத்துவர் முடிவு செய்யட்டும்.

மூன்றாம் படி: மருந்தை நிறுத்தாமல் இருத்தல்

என்னை மீண்டும் தொடக்கத்துக்கே கொண்டுவந்து நிறுத்தியது இந்தப் படி. பன்னிரண்டாம் நாள் மலம் நன்றாக இளகி, அவன் அழாமல் போனான். மருந்து பழகிவிடுமே, பிறகு அது இல்லாமல் போகவே மாட்டானே என்று பயந்து அன்றே நிறுத்தினேன். அடுத்த வாரம் மீண்டும் பீரோவின் பின்னால் நின்றான்.

நிறுத்தியது ஏன் தவறு என்றால், மலம் இளகிய பிறகும் பயம் அப்படியே இருக்கும். விரிந்த மலக்குடல் சுருங்கித் தன் பழைய உணர்வைப் பெறவும் காலம் வேண்டும். ஐரோப்பிய, வட அமெரிக்கக் குழந்தைகள் குடல் மருத்துவச் சங்கங்கள் 2014-இல் சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, தேக்கம் நீங்கிய பிறகு குறைந்தது இரண்டு மாதங்களுக்கு மருந்தைத் தொடர வேண்டும். எந்தத் தொல்லையும் இல்லாமல் ஒரு மாதமாவது கழிந்த பிறகே அளவைப் படிப்படியாகக் குறைக்க வேண்டும். கழிப்பறைப் பழக்கம் கற்றுக்கொண்டிருக்கும் குழந்தைக்கு, அது முடியும் வரை நிறுத்தக் கூடாது. இந்தப் பவுடருக்குக் குடல் அடிமையாவதில்லை.

ஆட்டுப் புழுக்கை போல உருண்டை உருண்டையாக வந்தால் அளவு போதவில்லை. தண்ணீராக ஓடினால் அதிகம். குழைந்த களியின் பதம்தான் நாம் வேண்டுவது. அந்தப் பதத்தில் இருந்தால் குழந்தை அடக்க நினைத்தாலும் எளிதில் அடக்க முடியாது. மருத்துவரிடம் சொல்லிவிட்டு, எங்கள் அளவை அரை ஸ்பூன் கூட்டியும் குறைத்தும் அந்தப் பதத்தைக் கண்டுபிடிக்க இரண்டு வாரம் ஆயிற்று.

பின்னர் சேர்த்தது: இதைப் படித்த ஒரு தாய், தன் மகளுக்கு ஐந்து நாட்களாக மலம் வராமல் இருந்து திடீரென்று வயிற்றுப்போக்கு ஆகிவிட்டதால் மருந்தை நிறுத்தியதாக எழுதியிருந்தார். ஜட்டியில் அடிக்கடி சிறிது சிறிதாகத் தண்ணீர் போலக் கறை படிந்தால், அது பெரும்பாலும் வயிற்றுப்போக்கு அல்ல. உள்ளே அடைத்து நிற்கும் கெட்டி மலத்தைச் சுற்றி வழிந்து வருவது. குழந்தை வேண்டுமென்றே செய்வதில்லை, அதற்குத் தெரிவதுகூட இல்லை. தயவுசெய்து திட்டாதீர்கள். வயிற்றுப்போக்கு மருந்தும் கொடுக்காதீர்கள். மருத்துவரிடம் மீண்டும் காட்டுங்கள்.

நான்காம் படி: உட்கார வைத்தல்

சாப்பிட்டவுடன் பெருங்குடல் தானாகவே அசையத் தொடங்கும். எனவே காலை உணவும் இரவு உணவும் முடிந்து கால் மணி முதல் அரை மணி நேரத்துக்குள் ஐந்து நிமிடம் உட்கார வைத்தால் போதும். வந்தாலும் வராவிட்டாலும் ஐந்து நிமிடத்தில் எழுப்பிவிட வேண்டும். உட்கார்ந்ததற்குத்தான் பாராட்டு, மலம் வந்ததற்கு அல்ல. வருவது அவன் கையில் இல்லை, உட்காருவது அவன் கையில் இருக்கிறது. ஆனால் வலி முழுவதும் போகும் முன் இதைத் தொடங்கக் கூடாது. வலியோடு உட்கார வைத்தால் அந்த இருக்கையே அவனுக்குப் பகையாகிவிடும். அதுவரை டயப்பரிலேயே போகட்டும்.

முழங்கால்கள் இடுப்பைவிடச் சற்று உயரமாகவும், பாதங்கள் எதன் மேலாவது அழுந்தியும் இருக்க வேண்டும். வெஸ்டர்ன் டாய்லெட்டின் மேல் சிறிய வளையம் போட்டு, கால்கள் தொங்க உட்கார வைத்தால் குழந்தையால் அழுத்தம் கொடுக்க முடியாது. காலடியில் ஒரு மணைப்பலகை கட்டாயம் வேண்டும். தரையோடு ஒட்டிய, அகலமான அடிப்பாகம் கொண்ட குழந்தைகளுக்கான எளிய பிளாஸ்டிக் மல இருக்கையே (potty) என் தேர்வு. பாட்டுப் பாடும், விளக்கு எரியும் வகைகளில் குழந்தை விளையாடுவதிலேயே நேரம் போய்விடுகிறது. நம் பாட்டிமார்கள் காலை நீட்டி உட்கார்ந்து, பாதங்களைச் சற்று விலக்கி, குழந்தையைத் தம்மைப் பார்த்தபடி அவற்றின் மேல் உட்கார வைத்தார்களே, அந்த முறையில் இவையெல்லாம் தாமாகவே அமைந்துவிடுகின்றன. என் மகன் முதன்முதலில் பயமில்லாமல் போனது என் அத்தையின் கால்களின் மேல்தான். அவர்களுடைய கழுத்தைக் கட்டிக்கொண்டு, அவர்கள் கொடுத்த பீப்பியை ஊதிக்கொண்டே போய்விட்டான். ஊதும்போது வயிறு தானாக இறுகி அழுத்தம் கொடுக்கும் என்பதால், ‘முக்கு’ என்று சொல்வதை விட்டுவிட்டு ஊதச் சொல்லுங்கள்.

ஐந்தாம் படி: பாலும் உணவும்

என் மகன் நாளொன்றுக்கு மூன்று பாட்டில், அதாவது 750 மில்லிக்கு மேல் பால் குடித்துக்கொண்டிருந்தான். வயிறு பாலால் நிறைந்ததால் சோறும் காயும் உள்ளே போகவில்லை. பாட்டிலை நிறுத்தி, டம்ளரில் 400 மில்லியளவில் கொடுக்கத் தொடங்கிய பிறகு பசி எடுத்துச் சாப்பிட ஆரம்பித்தான். மருந்துக்கும் மசியாத மலச்சிக்கல் என்றால், சில வாரங்களுக்குப் பசும்பாலை அறவே நிறுத்திப் பார்க்கச் சில மருத்துவர்கள் சொல்வதுண்டு. அதை அவர்களின் மேற்பார்வையில் மட்டும் செய்ய வேண்டும்.

கொய்யா, பப்பாளி, பேரிக்காய், சர்க்கரைவள்ளிக் கிழங்கு, கீரை, கேழ்வரகு இவற்றில் குழந்தை விரும்புவதைக் கொடுங்கள். கருப்பு உலர் திராட்சையை இரவில் ஊறவைத்துக் காலையில் நன்றாக மசித்து, ஊறிய நீரோடு கொடுப்பது எங்கள் வீட்டில் நிலைத்துவிட்டது; முழுதாகக் கொடுத்தால் தொண்டையில் அடைக்கும். மைதா பிஸ்கட்டைக் குறைத்தோம். மலம் இளகப் பெரியவர்கள் நீரில் கலந்து குடிக்கும் நார்ச்சத்து உமியான இசப்பகோலை இந்த வயதில் நீங்களாகக் கொடுக்காதீர்கள். நீர் போதாவிட்டால் அதுவே அடைப்பாகிவிடும்.

கணக்கு எழுதுதல்

மாதக் காலண்டரில் பால் கணக்கு எழுதும் கட்டத்திலேயே, கட்டி என்றால் ‘க’, இளக்கம் என்றால் ‘இ’, தண்ணீர் என்றால் ‘த’ என்று எழுதி வந்தேன். மருந்தின் அளவையும் அருகிலேயே குறித்தேன். செயலி எதுவும் தேவைப்படவில்லை. சமையலறையில் தொங்கியதால் வீட்டில் யார் பார்த்தாலும் எழுத முடிந்தது. மருத்துவரிடம் அந்தத் தாளையே கிழித்துக்கொண்டு போய்க் காட்டினேன்.

மற்றுமொரு சேர்க்கை: நான்கு மாதக் குழந்தை பத்து நிமிடம் முனகி, அழுது, பிறகு மென்மையாகவே மலம் கழிக்கிறது, என்ன மருந்து கொடுக்கலாம் என்று சிலர் கேட்டிருந்தார்கள். அது மலச்சிக்கல் அல்ல. வயிற்றால் அழுத்தும்போது ஆசனவாயைத் தளர்த்த அந்தக் குழந்தை இன்னும் கற்றுக்கொள்ளவில்லை. சில மாதங்களில் தானாகச் சரியாகும். தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தை சில நாட்களுக்கு ஒருமுறை போனாலும், மலம் மென்மையாக இருந்தால் கவலை வேண்டியதில்லை.

நாங்கள் மூன்றாம் மாத முடிவில் அளவைக் குறைக்கத் தொடங்கி, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கால் ஸ்பூனாகக் குறைத்து, ஐந்தாம் மாதத்தில் நிறுத்தினோம். அதன் பிறகு இரண்டு முறை தொல்லை திரும்பியது: ஒருமுறை காய்ச்சலின்போது, மறுமுறை விளையாட்டுப் பள்ளியில் சேர்த்த வாரத்தில், அங்கே கேட்கக் கூச்சப்பட்டு அடக்கியதால். இரண்டு முறையும், காலண்டரில் முதல் ‘க’ விழுந்த அன்றே மருத்துவர் முன்பே சொல்லிவைத்திருந்த அளவில் பவுடரை மீண்டும் தொடங்கினோம். பள்ளி ஆயாம்மாவிடம், அவன் நுனிக்காலில் நின்றால் உடனே அழைத்துப் போகும்படி சொல்லி வைத்தோம். இப்போதும் வெளியூர் போகும்போது அந்தப் பவுடர் பொட்டலமும் சிறிய மணைப்பலகையும் எங்கள் பையில் இருக்கின்றன.