பந்தய கேமில் கார் நிஜமாக ஓடுகிறதா என்று சோதிப்பது எப்படி?

கார் பந்தய வீடியோ கேம் ஒன்று ஓட்டக் கடினமாக இருந்தால், அதன் இயற்பியல் நிஜத்துக்கு நெருக்கமானது என்று பலரும் முடிவு கட்டிவிடுகிறார்கள். இந்த அளவுகோல் தவறானது. சாலையில் ஓடும் சாதாரணக் கார், தன் பிடிமானத்தின் எல்லையை நெருங்கும்போது டயரின் சத்தத்திலும் ஸ்டீயரிங்கிலும் முன்னறிவிப்புத் தருகிறது. எல்லையைச் சற்றே தாண்டினாலும் பெரும்பாலும் மீட்டுவிடலாம். ஆகவே சிறு பிழைக்கெல்லாம் சுழன்றுவிடும் காரும், எந்த வேகத்திலும் சறுக்காத காரும் உண்மையிலிருந்து விலகியவையே. நாம் செய்யும் ஒவ்வொரு செயலுக்கும் கார் சரியான காரணத்தோடு சரியான அளவில் பதில் தருகிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

முதலில் ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுப்பது), டிராக்‌ஷன் கண்ட்ரோல் (சக்கரம் வீணாகச் சுழலாமல் தடுப்பது), ஸ்டெபிலிட்டி கண்ட்ரோல் (கார் நிலைதடுமாறாமல் காப்பது), ஸ்டீயரிங் உதவி ஆகிய அனைத்தையும் அணைத்துவிடுங்கள். பந்தயக் காரை எடுக்காதீர்கள். அதன் இறக்கைகள் தரும் கீழ்நோக்கு அழுத்தம் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப உயர்வதால், டயரின் குணத்தைத் தனியே பிரித்தறிய முடியாது. சாலை டயர் பூட்டிய சாதாரணக் கார்தான் நல்ல சோதனைப் பொருள். கேம்பேடில் ஓட்டினால், உங்கள் விரலசைவைக் கேம் தானாகவே திருத்திக் காருக்கு அனுப்பக்கூடும் என்பதை நினைவில் கொள்ளுங்கள். ஸ்டீயரிங் சாதனம் இருந்தால் அதுவே மேல்.

பிரேக்கில் தொடங்கலாம். பல பந்தயத் தடங்களில் வளைவுக்கு முன்பாக 200, 150, 100, 50 மீட்டர் என்று குறித்த பலகைகள் இருக்கும். அவற்றையே அளவுகோலாகக் கொள்ளலாம். நல்ல சாலைக் கார் மணிக்கு 100 கி.மீ. வேகத்திலிருந்து ஏறத்தாழ 40 மீட்டருக்குள் நிற்கும். வேகம் இருமடங்கானால் தூரம் நான்கு மடங்காகும் என்பதால், 200 கி.மீ. வேகத்திலிருந்து நிற்க 160 மீட்டர் அளவுக்குத் தேவைப்படும். அடுத்து, சக்கரங்கள் முற்றிலும் பூட்டிக்கொள்ளும்படி பிரேக்கை அழுத்தியபடியே ஸ்டீயரிங்கைத் திருப்புங்கள். கார் திரும்பாமல் நேராகவே சறுக்க வேண்டும். பிரேக்கை விட்டதும் சட்டென்று திரும்ப வேண்டும். பூட்டிய சக்கரங்களோடு கார் சாவதானமாகத் திரும்பினால், டயர் கணக்கில் எங்கோ சமரசம் செய்திருக்கிறார்கள் என்று பொருள்.

வளைவுக்கும் எளிய கணக்கு உண்டு. டயருக்கும் சாலைக்கும் இடையிலான பிடிமானத்தைக் குறிக்கும் உராய்வுக் குணகம் 1 என்று கொண்டால், 50 மீட்டர் ஆரமுள்ள வட்டத்தில் அதிகபட்சமாக மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் சுற்றலாம். மழையில் பிடிமானம் பாதியாகக் குறைந்தாலும் வேகம் பாதியாகிவிடாது. ஏறத்தாழ 57 கி.மீ. வரை செல்ல முடியும்.

எடைப் பெயர்வு இவற்றையெல்லாம் விட முக்கியமானது. ஈர்ப்பு மையம் அரை மீட்டர் உயரத்திலும், முன் பின் அச்சுகள் 2.5 மீட்டர் இடைவெளியிலும் உள்ள கார், ஈர்ப்பு முடுக்கத்துக்கு இணையான அளவில் வேகம் குறையும்படி பிரேக் பிடித்தால், மொத்த எடையில் 20 சதவீதம் பின்சக்கரங்களிலிருந்து முன்சக்கரங்களுக்கு மாறும். சரிபாதியாக இருந்த எடை 70:30 என்றாகும். இதைச் சோதிக்க, நீண்ட வளைவொன்றில் எல்லைக்கு அருகே சீரான வேகத்தில் சென்றுகொண்டே ஆக்சிலரேட்டரிலிருந்து காலைச் சட்டென்று எடுங்கள். காரின் முன்பகுதி வளைவின் உட்புறம் திரும்ப வேண்டும், பின்பகுதியின் பிடி தளர வேண்டும். வேகம் மட்டும் குறைந்து வேறெதுவும் நிகழாவிட்டால், அந்தக் கேமில் எடைப் பெயர்வு பெயரளவுக்கே இருக்கிறது.

எல்லையைத் தாண்டிய பிறகு நடப்பதில்தான் கேம்கள் அதிகமாகப் பிழை செய்கின்றன. டயர் நோக்கும் திசைக்கும் அது உண்மையில் நகரும் திசைக்கும் இடையிலான சறுக்கல் கோணம் கூடக்கூடப் பக்கவாட்டுப் பிடிமானமும் கூடும். சாலை டயரில் சுமார் 6 முதல் 10 டிகிரிக்குள் அது உச்சத்தைத் தொட்டு, பிறகு மெல்ல இறங்கும். டயர் ஆய்வாளர் ஹான்ஸ் பசெய்க்காவின் பெயரோடு இணைத்துப் பேசப்படும் ‘மேஜிக் ஃபார்முலா’, ஆய்வகத்தில் அளந்த தரவுகளுக்குப் பொருந்துமாறு இந்த வளைகோட்டை வரைந்து தருகிறது. பெரிய கோணங்களுக்கான தரவு போதாமல் வளைகோடு செங்குத்தாக விழுமாறு அமைந்துவிட்டால், சறுக்கத் தொடங்கிய காரை மீட்கவே முடியாது. பின்சக்கர இயக்கக் காரைக் குறைந்த வேகத்தில் வேண்டுமென்றே சறுக்கவிட்டு, எதிர்த்திசையில் ஸ்டீயரிங்கைத் திருப்பி மீட்டுப் பாருங்கள். 40 கி.மீ. வேகத்தில்கூட அது கைநழுவினால், குறை உங்கள் ஓட்டுதிறனில் இல்லாமல் கேமிலேயே இருக்கலாம்.

இன்னொரு சோதனையைப் பெரும்பாலோர் செய்வதில்லை: காரைச் சரிவில் நிறுத்தி ஹேண்ட்பிரேக் போடுங்கள். டயர் கணக்குகள் பலவற்றில் சறுக்கலை வேகத்தால் வகுக்கிறார்கள். வேகம் பூஜ்ஜியமானதும் அந்தக் கணக்கு உடைந்துபோகும் என்பதால், அதைக் கையாளத் தனி ஏற்பாடு தேவை. கார் நடுங்கினாலோ மெல்லக் கீழே நழுவினாலோ அந்த ஏற்பாடு சரியாக அமையவில்லை.

ஃபோர்ஸ் ஃபீட்பேக் (டயர் தரும் விசையைக் கையில் உணரச் செய்யும் வசதி) உள்ள ஸ்டீயரிங் இருந்தால், வளைவில் சிறிது சிறிதாகக் கூடுதலாகத் திருப்புங்கள். முன்சக்கரங்களின் பிடிமானம் உச்சத்தை எட்டுவதற்குச் சற்று முன்பே ஸ்டீயரிங்கைத் திருப்புவது கைக்கு இலகுவாகத் தோன்றத் தொடங்க வேண்டும். ஓட்டுநருக்குக் கிடைக்கும் மிகப் பயனுள்ள எச்சரிக்கை இதுவே என்பதால், இது இல்லாத கேமை நான் உயர்வாக மதிப்பதில்லை.

காரின் இயக்கத்தைக் கேம் நொடிக்கு எத்தனை முறை கணக்கிடுகிறது என்ற எண்ணை வைத்து மட்டும் முடிவெடுக்காதீர்கள். ஐரேசிங் என்ற பந்தய கேம் நொடிக்கு 360 முறை கணக்கிடுகிறது. ஆனால் டயருக்கான கணக்கே தவறாக இருந்தால், எத்தனை முறை கணக்கிட்டாலும் அதே தவறுதான் திரும்ப வரும். கடைசியாக, இந்தச் சோதனைகளை அதே கேமில் முன்சக்கர இயக்கக் கார் ஒன்றிலும் பழைய கார் ஒன்றிலும் செய்து பாருங்கள், ஏனெனில் ஒரு கேமில் உள்ள எல்லாக் கார்களுக்கும் ஒரே தரத்தில் தரவு கிடைத்திருக்கும் என்று சொல்ல முடியாது.