ஒன்றரை வருட மாஸ்டர்ஸா? ஆஸ்திரேலியா கிளம்புமுன் வாரத்தை எண்ணுங்கள்

ஆஃபர் லெட்டர், முன்பணம், சிஓஇ (படிப்பில் சேர்ந்ததற்குப் பல்கலைக்கழகம் தரும் சான்று), மருத்துவக் காப்பீடு, மாணவர் விசா. இதெல்லாம் ஊரில் இருக்கிற எந்த ஏஜென்டும் தூக்கத்திலேயே செய்து கொடுத்துவிடுவார். அவர் வாய் திறக்காத விஷயம் 92 வாரம்.

படித்து முடித்து ஆஸ்திரேலியாவிலேயே வேலை பார்க்க 485 விசா, அதாவது தற்காலிகப் பட்டதாரி விசா, வேண்டும். அதற்கு, கிரைகோஸ் என்ற, வெளிநாட்டு மாணவர்கள் சேரக்கூடிய படிப்புகளின் அரசுப் பதிவேட்டில் உள்ள படிப்பை ஆஸ்திரேலியாவில் இருந்தே குறைந்தது 92 வாரம் படித்திருக்க வேண்டும். ஒரு வருட மாஸ்டர்ஸ் 52 வாரம், ஒன்றரை வருடம் 78. இரண்டுமே தனியாகப் போதாது. பட்டம் வாங்கியதும் ஊர் திரும்பப் போகிறவருக்கு இது கவலையே இல்லை. குறுகிய படிப்புதான் அவருக்கு லாபம்.

இரண்டு வருடப் படிப்பில் சேர்ந்தவர்களும் மாட்டுகிறார்கள், அதுதான் எரிச்சல். அதே துறையில் நாலு வருட பி.இ. முடித்திருந்தால் பல பல்கலைக்கழகங்கள் அரை வருடப் பாடங்களுக்கு கிரெடிட் தருகின்றன, அதாவது ஏற்கெனவே படித்தது என்று அவற்றைக் கழித்துவிடுகின்றன. ஒரு செமஸ்டர் ஃபீஸ் மிச்சம் என்று ஏஜென்ட் அதை ஸ்காலர்ஷிப் போலக் கொண்டாடுவார். பதிவேட்டில் அந்தப் படிப்பு 104 வாரம் என்றே இருக்கும். ஆனால் வெளிநாட்டுப் படிப்புக்காகக் கழித்த 26 வாரத்தைக் குடிவரவுத் துறை சேர்க்காது. உங்கள் கணக்கு 78. ஒரு செமஸ்டர் ஃபீஸுக்காகக் கைவிட்டுப் போவது, இந்தியக் குடிமக்கள் என்றால் 3 வருட வேலை அனுமதி, இலங்கையர் என்றால் 2 வருடம். பிஆர் (நிரந்தர வசிப்புரிமை) புள்ளிகளில் ஆஸ்திரேலியப் படிப்புக்குத் தரும் 5 புள்ளியும் கூடவே போகும்.

ஆகவே ஆஃபரில் கிரெடிட் என்ற வரி இருக்கிறதா, முடியும் தேதி என்ன என்று பாருங்கள். கையெழுத்துப் போடுமுன், கிரெடிட் வேண்டாம் என்று பல்கலைக்கழகத்துக்கே மெயில் எழுதி, திருத்திய ஆஃபரும் அதன்படி சிஓஇயும் வாங்குங்கள். ஏஜென்ட் வாய்ச்சொல் செல்லாது. வந்து சேர்ந்த பிறகு தெரிந்தால், குறையை நிரப்ப இன்னொரு பட்டப்படிப்பே படிக்க வேண்டிவரும், 26 வார கிராஜுவேட் சர்டிஃபிகேட் கணக்கில் சேராது. மிச்சம் பிடித்த ஃபீஸ் அதில் போய்விடும், விசாவையும் நீட்டிக்க வேண்டிவரும்.

வருடத்துக்கு மூன்று பருவம் நடக்கும் டிரைமெஸ்டரில் பாடங்களை அடுக்கி ஓடுபவர்களுக்கும் ஒரு வார்த்தை: 92 வாரப் படிப்பை 16 மாதத்துக்குள் முடித்தாலும் தகுதி போய்விடும்.

கோர்ஸ்வொர்க் மாஸ்டர்ஸுக்கு (ஆய்வுப் பட்டமாக இல்லாமல் பாடங்கள் படித்து வாங்குவது), 2024 ஜூலை முதல், 485க்கு விண்ணப்பிக்கும்போது வயது 35ஐத் தாண்டியிருக்கக் கூடாது. வேலை அனுபவத்தோடு வருபவர்கள் வயதையும் படிப்பு முடியும் தேதியையும் சேர்த்தே பார்க்க வேண்டும். விண்ணப்பிக்க 6 மாத அவகாசம் உண்டு. அது பட்டமளிப்பு விழா நாளிலிருந்து ஓடாது, படிப்பை முடித்துவிட்டீர்கள் என்று பல்கலைக்கழகம் தெரிவிக்கும் நாளிலிருந்தே ஓடும். ஐஇஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வு விண்ணப்பத்துக்கு முந்தைய ஒரு வருடத்துக்குள் எழுதியதாக இருக்க வேண்டும். மாணவர் விசாவுக்கு எழுதிய பழைய ஸ்கோர் உதவாது, கடைசி செமஸ்டரிலேயே தேதி பதிவு செய்துவிடுங்கள்.