ஓர்கிட் கன்றைப் பழுதில்லாமல் பார்சலில் அனுப்புவது

யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு ஏறத்தாழ 400 கிலோமீற்றர். வழியில் ஓர்கிட்டைக் கெடுப்பது பெரும்பாலும் ஈரம்தான். டென்ரோபியம் என்ற ஓர்கிட் வகையின் தடித்த தண்டிலே நீர் சேமிப்பு உண்டு. மூன்று நாள் தண்ணீர் இல்லாமல் தாங்கும். ஆகவே இரண்டு நாளுக்கு முன்பே தண்ணீரை நிறுத்துங்கள். குருத்துக்குள் தேங்கிய நீரைப் பஞ்சு நுனியால் ஒற்றி எடுங்கள். மூடிய பெட்டியின் வெக்கையில் அந்தத் துளியே குருத்தைக் கறுக்க வைத்து அழுக்கிவிடும்.

சட்டியிலுள்ள கரித்துண்டு உருண்டால் இலை கிழியும். மேலே கசக்கிய பத்திரிகைத் தாளை இறுக்கி, குறுக்கும் நெடுக்குமாக ரேப் ஒட்டுங்கள். இலைகளை மேல்நோக்கிச் சேர்த்துத் தாளால் சுற்றுங்கள். பொலித்தீன் வேண்டவே வேண்டாம், உள்ளே வியர்க்கும்.

வண்டா என்ற ஓர்கிட் வகைக்குத் தனிக் கவனம் தேவை. காய்ந்த வேரை வளைத்தால் ஒடிந்துபோகும். பத்து நிமிடம் தண்ணீரில் வையுங்கள். வெள்ளை வேர் பச்சையாகி வளைந்து கொடுக்கும். தளர்வாகச் சுற்றிக் கட்டி, மேலீரம் உலர்ந்த பிறகே பெட்டிக்குள் வையுங்கள்.

மொட்டு வைத்த செடியை அனுப்பாதீர்கள். இருட்டிலும் சூட்டிலும் மொட்டு உதிரும், வாங்கியவர் மனமும் நோகும்.

பெட்டியின் பக்கங்களில் பென்சில் பருமனில் நாலைந்து துளை போடுங்கள். மூடியபின் குலுக்கிப் பாருங்கள்; அசைவு தெரிந்தால் இன்னும் தாள் அடையுங்கள். பகல் வெயிலைத் தவிர்க்க இரவு பஸ்ஸே நல்லது. வெள்ளிக்கிழமை கூரியரில் கொடுத்தால் வாரஇறுதி முழுக்கக் களஞ்சியத்தில் கிடக்கும்.

பெறுபவர் அன்றே பிரித்து நிழலில் வைக்கட்டும். ஒரு வாரத்துக்கு உரம் வேண்டாம்.