விளக்கு ஏற்றியதும் புத்தகம்: சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்குப் படிக்கும் பழக்கம் வர

ஜனவரியில் இங்கே மொரீஷியஸில் புது வகுப்பு தொடங்கியதும் பெற்றோர்கள் என்னிடம் கேட்பது ஒரே கேள்வி: "டீச்சர், வீட்டில் உட்கார்ந்து படிக்கவே மாட்டேங்கிறான், என்ன செய்ய?" நான் தொடக்கப் பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். வீட்டிலும் இரண்டாம் வகுப்பில் ஒன்று, ஐந்தாம் வகுப்பில் ஒன்று.

தமிழ் எடுத்துப் படிக்கும் பிள்ளையின் பையில் ஆங்கிலம், பிரெஞ்சு, தமிழ் மூன்றும் இருக்கும். வீட்டில் பேசுவதோ பெரும்பாலும் கிரியோல். நாள் முழுக்க நாலு மொழிக்குள் புகுந்து வந்த பிள்ளை சாயங்காலம் களைத்துக் கிடந்தால் அதைச் சோம்பேறி என்று சொல்லாதீர்கள். தொடங்குவதற்கு முன் உங்களிடம் நான் கேட்பது இது ஒன்றுதான்.

படி 1: முதலில் பசி அடங்கட்டும்

பை கீழே விழுந்த உடனே "ஹோம்வொர்க் என்ன?" என்று கேட்க வேண்டாம். ரொட்டியும் வெண்ணெயும், ஒரு டம்ளர் பால், அப்புறம் முற்றத்தில் அரைமணி நேரம் ஓடி விளையாட்டு. டிவியையும் போனையும் மட்டும் இந்த நேரத்தில் கொடுக்காதீர்கள். கொடுத்தால் திரும்ப வாங்குவதற்குள் சண்டை வந்துவிடும், அந்த அழுகையோடு படிக்க உட்கார வேண்டியிருக்கும்.

படி 2: படிப்பை வீட்டில் தினமும் நடக்கும் ஒன்றோடு சேர்த்து வையுங்கள்

சின்னப் பிள்ளைக்கு "ஆறு மணி" என்றால் பெரிதாக ஒன்றும் புரியாது. எதற்குப் பிறகு எது என்பது நன்றாகப் புரியும். எங்கள் வீட்டில் குளியல், சாமி விளக்கு, புத்தகம். ஜூனில் ஆறு மணிக்கு முன்பே இருட்டிவிடுகிறது, டிசம்பரில் ஏழு மணி வரை வெளிச்சம் இருக்கிறது. மணி எதுவானாலும் வரிசை மாறாது. விளக்கு ஏற்றாத வீடாக இருந்தால் குளியலோடு சேர்த்துக்கொள்ளுங்கள். உட்காரும் இடமும் தினமும் ஒன்றாக இருக்கட்டும். சாப்பாட்டு மேசையின் ஒரு மூலை போதும்.

படி 3: பத்து நிமிடத்தில் தொடங்குங்கள்

மூத்தவன் ஒன்றாம் வகுப்பில் இருந்தபோது நான் பெரிய அட்டவணை வரைந்து, கலர் அடித்துச் சுவரில் ஒட்டினேன். தினமும் ஒன்றரை மணி நேரம். ஐந்தாவது நாள் பையன் மேசைக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டான். அந்த வயசுக்கு அது தாங்காது என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

இப்போது நான் சொல்லும் அளவு இது: முதல் வாரம் பத்து நிமிடம், பாடம் முடிந்தாலும் முடியாவிட்டாலும் அதோடு சரி. பிள்ளை தானாக வந்து உட்கார ஆரம்பித்த பிறகு ஐந்தைந்து நிமிடமாகக் கூட்டலாம். மூன்றாம் வகுப்புக்கு அரைமணி வரை போகலாம். ஐந்து, ஆறாம் வகுப்புக்கு அரைமணி இரண்டு தடவை, நடுவே எழுந்து நடக்க விட்டு.

படி 4: புத்தகத்தை மூடிவிட்டுக் கேளுங்கள்

எல்லாப் படிகளிலும் பலன் அதிகம் தருவது இதுதான். திரும்பத் திரும்ப வாசிப்பதைவிட, மூடிவிட்டு நினைவிலிருந்து எடுத்துச் சொல்லும்போது பாடம் ஆழமாகப் பதிகிறது. முதலில் கிரியோலிலேயே சொல்லட்டும். தண்ணீர் சூடானால் என்ன ஆகும், ஆவி எங்கே போகும் என்று தன் வாயால் சொல்லி முடித்த பிறகு அதற்கான ஆங்கிலச் சொற்களைத் தேடினால் போதும். பொருள் புரியாமல் ஆங்கில வரியை ஒப்பிப்பதைப் படிப்பு என்று நான் எண்ணுவதில்லை.

எழுத்துக்கும் இதே வழிதான். என் சின்னவளுக்கு ன, ண இரண்டும் குழம்பும். ஒரு தட்டில் ரவையைப் பரப்பி விரலால் எழுதச் சொன்னேன். "ஒரு சுழி, ரெண்டு சுழி, மூணு சுழி" என்று எண்ணிக்கொண்டே ண எழுதினாள். தட்டைக் குலுக்கி அழித்துவிட்டு, "இப்போ பார்க்காமல் எழுது கண்ணு" என்றேன். இரண்டு சுழியில் நின்று, தட்டையே பார்த்துவிட்டு, மூன்றாவதைத் தானே சேர்த்தாள். நான் வாயைத் திறக்கவில்லை. அந்தச் சில நொடி பொறுத்திருப்பதுதான் நம் வேலை.

படித்தது வேகமாக மறக்கும், இடைவெளி விட்டுத் திரும்பப் பார்த்தால் தங்கும் என்பதை ஜெர்மன் உளவியலாளர் ஹெர்மன் எபிங்ஹாஸ் 1885இலேயே தன்னை வைத்துச் சோதித்து எழுதினார். அதனால் இன்று கேட்டதை நாளை ஒரு தடவை, அடுத்த வாரம் ஒரு தடவை கேளுங்கள். இரண்டு நிமிடம்கூட ஆகாது.

படி 5: பையைப் பிள்ளையே அடுக்கட்டும்

இரவு சாப்பாட்டுக்கு முன், நாளைய பாடவேளையைப் பார்த்து. மறந்தால் மறக்கட்டும், ஒரு நாள் தவித்தால் அடுத்த நாள் சரிபார்க்கும். ஆறு முதல் பன்னிரண்டு வயது வரை 9 முதல் 12 மணி நேரத் தூக்கம் வேண்டும். அதைக் குறைத்துப் படிக்க வைத்தால் மறுநாள் வகுப்பில் கண் சொருகும். நான் தினமும் பார்க்கிறேன்.

ட்யூஷன் பற்றியும் கேட்பீர்கள். ஆறாம் வகுப்பு முடிவில் வரும் பி.எஸ்.ஏ.சி. தேர்வை நினைத்து (2017இல் சி.பி.இ. என்ற பழைய தேர்வுக்குப் பதிலாக வந்தது) முதல் வகுப்பிலிருந்தே ட்யூஷன் தேடுபவர்கள் உண்டு. சின்ன வகுப்புகளுக்கு அது வேண்டாம் என்பதே என் கருத்து. அந்த வயதில் வீட்டு மேசையில் உண்டாகும் பழக்கத்தை ட்யூஷன் தராது.

நடுவில் அறுபடவும் செய்யும். தைப்பூசக் காவடிக்கு வீடே விரதத்தில் இருக்கும், புயல் எச்சரிக்கை வந்தால் பள்ளி மூடும், கரண்ட் போகும். அந்த நாட்களில் புத்தகத்தைத் தொடாவிட்டால் குற்றமில்லை, டார்ச் வெளிச்சத்தில் ஒரு கதை சொல்லுங்கள். திரும்பத் தொடங்கும் அன்று விட்டுப்போன பக்கங்களை எல்லாம் அள்ளிப் போடாதீர்கள். குளியல், விளக்கு, பத்தே பத்து நிமிடம். மிச்சத்தைச் சனிக்கிழமை பார்த்துக்கொள்ளலாம்.